தொழிலும் உளநோய் மருத்துவமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் உளநோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். கழகத்தின் துணையால் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தோர் பெயர்கள் விழா மலரில் இடம்பெறும். அது முறையே. ஆயின் அப்பட்டியலில் இடம்பெறாதோரும் நம்மிடையே உளர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்று ஊர் திரும்பியவர், வீட்டின் உள்ளறையை விட்டு வெளிவராதவர், நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அண்டை வீட்டார் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பிள்ளை, இத்தகையோர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் குடியிருப்புகளில் அரிது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தோர் நூற்றுவரில் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்வதாகக் கூறிற்று. அவர்களுள் மருத்துவம் பெறாதோர் விழுக்காடு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70-க்குக் குறையவில்லை. அவர்களைக் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் பயின்ற துறைக்கு ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் தொழில்வழி மருத்துவம் என்கிறோம். தொழில் என்றவுடன் கூலிக்குச் செய்யும் வேலையே நம் நினைவுக்கு வருகிறது. நம் இலக்கண ஆசிரியர்கள் இன்னும் விரிந்த பொருளில் அச்சொல்லை ஆண்டனர். உண்ணல், உறங்கல், குளித்தல், நடத்தல் ஆகிய அனைத்தும் தொழிற்பெயர்கள் என்று பள்ளியில் படித்தோம் அன்றோ? இம்மருத்துவத்தில் வரும் தொழிலும் அத்தகையதே. காலையில் எழுவது, பல் துலக்குவது, தலை வாருவது, கடைக்குச் சென்று சில்லறை எண்ணி வாங்குவது, பிள்ளைக்குச் சோறூட்டுவது, படிப்பது, பிழைப்புக்கு உழைப்பது எல்லாம் இதில் அடங்கும். உளநோய் ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பவை இவையே. மாத்திரை, காதில் ஒலிக்கும் குரல்களை அடக்கலாம், அச்சத்தைத் தணிக்கலாம். ஆனால் குரல் அடங்கிய பின்னர், விடிந்தால் எழுந்து என்ன செய்வது என்னும் கேள்வி நிற்கிறது. அக்கேள்விக்கு மாத்திரையில் விடையில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வேலையைக் கொடுங்கள் என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

இம்முறையின் வரலாறு சுருக்கமாகவேனும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் நமக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் பினேல் என்னும் மருத்துவரும், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லத்தில் டியூக் குடும்பத்தாரும், நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை விடுத்து, மனிதராக நடத்தி, தோட்டத்திலும் கைவேலையிலும் ஈடுபடுத்தினர். பலர் தெளிந்தனர். வேலை நோயைத் தணிக்கிறது என்ற செய்தி பரவிற்று. பரவிய இடங்களிலெல்லாம் அதன் இயல்பு மாறியதுதான் வேதனை. பெரிய பெரிய காப்பகங்கள் எழுந்தன. அவற்றின் சமையலறை, சலவைக்கூடம், மாட்டுத் தொழுவம், காய்கறித் தோட்டம் ஆகிய யாவும் நோயாளரின் கூலியில்லா உழைப்பிலேயே நடந்தன. நன்றாக உழைப்பவரை வீட்டுக்கு அனுப்பினால் காப்பகத்திற்கு இழப்பு. ஆகவே, குணமடைந்தவர் பலர் குணமடைந்த குற்றத்திற்காகவே உள்ளே வைக்கப்பட்டனர். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டில்தான் ஒரு நீதிமன்றம், இவ்வாறு உழைப்போருக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கூலி கொடுக்க மனமில்லாத மருத்துவமனைகள் பல வேலையையே நிறுத்திவிட்டன. நேற்றுவரை மருத்துவம் என்று புகழப்பட்டது, கூலி கேட்டவுடன் மறைந்துபோன விந்தையை என்னென்பது!

சென்னையில் 1794-ஆம் ஆண்டில் கம்பெனி ஆட்சியில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1871-ஆம் ஆண்டில் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறி, இன்றைய மனநல நிலையமாக வளர்ந்துள்ளது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்துக் காப்பகங்களில் ஐரோப்பிய நோயாளருக்கு உலாவலும் விளையாட்டும் மருந்தாக இருந்தன. நம் நாட்டவருக்கு உடலுழைப்பு மருந்தாக இருந்தது. நோய் ஒன்று, மருந்து இரண்டு. யாருக்கு எந்தத் தொழில் மருந்தாகும் என்பதை நோயைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆளைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

இத்துறை ஒரு தனிக் கல்வியாக உருவெடுத்தது 1917-ஆம் ஆண்டில். நியூயார்க் மாநிலத்தில் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் சிலர் கூடி அதற்கொரு சங்கம் கண்டனர். அதனைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். தாமே காசநோயாலும் பக்கவாதத்தாலும் தாக்குண்டு, தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் மீண்டவர். உடனிருந்த எலினார் கிளார்க் சுலேகிள் அம்மையார், குடியேறிய ஏழைத் தொழிலாளருக்காகச் சிக்காகோவில் நடந்த ஹல் ஹவுஸ் இல்லத்தின் தொடர்பில் பயின்றவர். நோயுற்றவரும் ஏழைகளிடையே உழைத்தவரும் சேர்ந்து கண்ட துறை இது என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நம் நாட்டில் அமெரிக்காவில் பிறந்து மராட்டியக் குடும்பத்தில் மணம்புரிந்த கமலா நிம்ப்கர் அம்மையார், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளர் தொழில் பயிலும் மையம் அங்கே உருவாகப் பாடுபட்டார்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

மேல்நாட்டுப் பாடநூல்களைத் திறந்தால், நோயாளருக்கு உகந்தவை என்று சில கைத்தொழில்களைக் காணலாம். கூடை முடைதல், தோல் வேலை, நெசவு, மட்பாண்டம். கைக்கும் கண்ணுக்கும் இசைவு தருபவை. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால் மனத்தை அமைதிப்படுத்துபவை. முடிவில் கண்ணால் காணும் ஒரு பொருளைத் தருபவை. காரணங்கள் யாவும் சரியே. பாஸ்டன் நகரத்து ஆசிரியைக்குத் தோல் பணப்பை தைப்பது புதுமையான பொழுதுபோக்கு. ஆனால் நம் நாட்டில் அத்தொழில்கள் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சாதியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. தோல் என்றால் யார், கூடை என்றால் யார், துடைப்பம் என்றால் யார் என்று சிறு பிள்ளையும் அறியும். பாடநூலை எழுதியவர் இதனை அறியார். அதை அப்படியே படித்துத் தேறிய நம்மவரும் பல வேளைகளில் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தோல் பதனிடும் ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்திருந்தனர். தந்தை தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற்பிள்ளை இவர். இருபத்தோராம் வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மருந்தால் ஓரளவு தணிந்தபின் தொழிற்கூடத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த பயிற்சி மாணவர், தோல் துண்டுகளையும் ஊசியையும் அவர் முன் வைத்து, இதைத் தைத்துப் பழகலாம் என்றார். இளைஞர் அதைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மூன்று நாளும் அதே நிலை. ஏட்டில், ஒத்துழைக்கவில்லை, ஊக்கம் இல்லை என்று எழுதப்பட்டது. நான்காம் நாள் அருகில் அமர்ந்து, "தம்பி, இந்த வேலை பிடிக்கலையா?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து வாய் திறந்தார். "எங்க அப்பா எத்தனை சோப்புப் போட்டாலும் கையில அந்த வாடை போகாது சார். அதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சார். இங்கயும் அதையே குடுக்கிறீங்களே" என்றார்.

அவரிடம் ஊக்கத்திற்குக் குறைவில்லை. மறுப்பதற்கு வேண்டிய தெளிவும் இருந்தது. ஏட்டில் அவ்வரி அடிக்கப்பட்டது. விசாரித்ததில், தட்டச்சு இளநிலைத் தேர்வு வரை பயின்றவர் என்று தெரிந்தது. அலுவலகத்தில் பழைய பொறி ஒன்று இருந்தது. முதல் வாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம். எழுத்துகளை மட்டும் வரிசையாக அடிப்பது. விரல் நடுக்கம் மருந்தினால் வந்தது, அவர் பிழையன்று என்று எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அடுத்து ஒரு பத்தி, அதற்கடுத்து ஒரு பக்கம். பொறியின் ஓசை ஒலிக்கும்போது குரல்கள் பின்வாங்குகின்றன என்று அவரே கண்டு சொன்னார். இரண்டாம் மாதத்தில் சமையற்கூடத்தின் சாமான் பட்டியலை அடித்துக் கொடுத்தார். தலைமைச் சமையற்காரர் அதைக் கையில் வாங்கி, "நல்லா இருக்கு தம்பி, நாளைக்கும் அடிச்சுக் குடு" என்றது எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாத மருந்து. ஒருவர்க்கு அவரால் ஆகவேண்டிய காரியம் ஒன்று மறுநாளும் இருக்கிறது. விடிந்தால் எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதே கூடத்தில், அதே பக்கத்து ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், நான் கேளாமலே தோலைக் கேட்டு வாங்கினார். மகளுக்கு ஒரு சோடி செருப்புத் தைத்தார். வாரை இழுத்துப் பார்த்து, "கடைச் செருப்பு இதுக்கு நிக்குமா?" என்று பெருமை பேசினார். தோலின் மீது பழியில்லை. சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்று ஊரார் கட்டளையிட்ட பறை வேறு. நம் பிள்ளைகள் கலையென்று கற்று மேடையேற்றும் பறை வேறு. இரண்டிலும் இழுத்துக் கட்டியிருப்பது ஒரே தோல்தானே.

திறனையும் விருப்பத்தையும் பாராது பிறப்பைப் பார்த்துத் தொழிலைச் சுமத்தினால், உழைப்பவனின் உள்ளம் அவ்வுழைப்பில் ஒட்டாது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் வாதிட்டார். பொருளாதாரத்தைப் பற்றிச் சொன்னது அது. உளநோய் மருத்துவத்திற்கு அதுவே முதல் விதியாகும் என்பது என் கருத்து. உள்ளம் ஒட்டாத தொழில் உளநோய்க்கு எங்ஙனம் மருந்தாகும்?

நான் பணிபுரிந்த இடங்களுள் ஒன்றில் (இடத்தின் பெயர் வேண்டா) கூடத்தைப் பெருக்குவதும் கழிவறையைக் கழுவுவதும் நோயாளர் அனைவரும் முறைவைத்துச் செய்வது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தம் இடத்தைத் தாமே துப்புரவாக வைத்துக்கொள்வது நல்ல பயிற்சிதான். மூன்று மாத ஏட்டைப் புரட்டியபோது, துடைப்பம் நான்கைந்து பெயர்களிடையே மட்டும் சுற்றி வந்திருந்தது தெரிந்தது. ஊரையும் தெருவையும் கேட்டறிந்து வேலையைப் பகிர்ந்திருந்தார் கூடத்து ஊழியர். ஏட்டின் தலைப்பிலோ சிகிச்சை என்று இருந்தது. பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போடச் செய்தோம். முதல் வாரத்திலேயே, "எங்க பையன் இதுக்கா வந்தான்?" என்று இரண்டு குடும்பத்தார் சண்டைக்கு வந்தனர். அதுவரை அந்த நான்கைந்து பேருக்காகச் சண்டைக்கு வந்தவர் எவருமில்லை.

இன்று இதற்குச் சட்டமே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனநல நிலையங்களில் எவரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாகாது; செய்யும் வேலைக்குத் தக்க ஊதியம் தரவேண்டும் என்று அது கூறுகிறது. நம் உறவினர் எவரேனும் மருத்துவமனையில் இருப்பின், அவர் என்ன வேலை செய்கிறார், யார் கொடுத்தது, அவரைக் கேட்டார்களா, கூலி உண்டா என்னும் நான்கு கேள்விகளையும் அச்சமின்றிக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது வெளியார் செய்யும் பிழை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அன்பின் மிகுதியால் நாம் நோயாளரைச் சும்மா உட்கார வைத்துவிடுகிறோம். அல்லது, பேசாமல் எழாமல் இருப்பவரைச் சோம்பேறி என்று ஏசுகிறோம். எழவும் தொடங்கவும் இயலாமற் போவது நோயின் ஒரு கூறு. குரல் கேட்பதைப் போன்றே அதுவும் ஒரு குறி. சோம்பேறி என்ற சொல்லை நம்மீது பிறர் எறிந்தது போதாதா? நம் பிள்ளைகள் மீது நாமும் எறியவேண்டுமா?

சும்மா உட்கார வைப்பதன் கொடிய எல்லை சங்கிலி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவிட்டோர் பகைவர்கள் அல்லர். வேறு வழி அறியாத குடும்பத்தார். இன்று சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றாகத் தடுத்துள்ளது. கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வதை நான் குறை கூறவில்லை. அங்கே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள் என்பதே வேண்டுகோள்.

வீட்டில் என்ன செய்யலாம்? தேநீர் போடுவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வேலை. நோயாளருக்கு அது பத்துப் பன்னிரண்டு வேலை. பாத்திரத்தைத் தேடவேண்டும், தண்ணீரை அளக்கவேண்டும், அடுப்பைப் பற்றவைக்கும்போது கவனம் சிதறலாகாது, கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருப்பது அவருக்கு மலையேறுவதற்கு ஒப்பாகும், பிறகு தூள், சர்க்கரை, வடிகட்டல், இறுதியில் மற்றொருவர் கையில் கொடுத்து முகத்தை ஏறிட்டுப் பார்க்கவேண்டும். முழுவதையும் ஒரே நாளில் கேட்டால் தோல்வியே மிஞ்சும். முதலில் டம்ளரை எடுத்து வைப்பது மட்டும் அவர் பங்காகட்டும். ஒரு வாரம் அது நிலைத்தபின் அடுத்த படி. சர்க்கரை கூடிவிட்டால் குடித்துவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டா. இதுவே நாங்கள் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயிலும் கலையின் சாரம்.

நடவிலும் களையெடுப்பிலும் பெயர்பெற்ற ஓர் அம்மையாரை நான் அறிவேன். நோய் வந்தபின் மகனும் மருமகளும் அவரை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. "நீ கம்முனு இரும்மா" என்று எட்டு ஆண்டுகள் திண்ணையிலேயே வைத்திருந்தனர். மருந்து ஒழுங்காக நடந்தது; கண்ணில் மட்டும் ஒளியில்லை. கோழிக்குத் தீனி வைப்பது முதல் வேலையாயிற்று. கீரை ஆய்வது, அரிசி புடைப்பது என்று மெல்ல மெல்ல வளர்ந்தது. ஆறு மாதம் கழித்து அவரே, "நாளைக்கு நானும் நடவுக்கு வரேன்" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபுறமும் நின்று அவர் வரிசையையும் சேர்த்து நட்டனர். அரைநாட் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். தொலைத்துவிடுவார் என்று மகன் கைநீட்டியபோது, அவரிடமே இருக்கட்டும் என்றேன். நடவும் நமக்கு விதிக்கப்பட்ட தொழில்தானே என்று இங்குள்ள இளைஞர் எவரேனும் வினவலாம். ஆம். ஆயினும் அன்று அவரை யாரும் ஏவவில்லை. அவர் கேட்டார், தம்மால் இயன்ற அளவே செய்தார், கூலியைத் தாமே வைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளத்துயர் அனைத்தும் நோயன்று. விடுதியில் இழிவுபடுத்தப்பட்டு, உதவித்தொகை தடைப்பட்டு, வகுப்பில் ஒதுக்கப்பட்ட மாணவன் உறக்கமின்றித் தவித்தால், அவனை மட்டும் திருத்த முற்படுவது அநீதி. 2016 சனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிர்நீத்த பின்னர் இந்நாடு இதைச் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தது. ஒருவர் வாழும் சூழலையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது எங்கள் துறையின் பாடம். சூழல் நோயாக இருக்கும்போது மாணவனிடம் கூடையைக் கொடுத்து முடையச் சொல்வது மருத்துவமாகாது.

வெளிவேலையைப் பற்றி ஒரு சொல். நெடுநாள் பயிற்சி கொடுத்து, முழுத் தகுதி வந்தபின்பே வேலைக்கு அனுப்புவது பழைய முறை. 1990-களில் அமெரிக்காவில் டிரேக், பெக்கர் என்போர் வகுத்த முறையோ, விரும்பும் வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, அங்கேயே உடனிருந்து துணைசெய்வதாகும். பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் இம்முறையில் வேலை பெற்றோரே மிகுதி. கழகத்தில் பயின்று கடையும் அச்சகமும் பட்டறையும் நடத்துவோர் இவ்வவையில் இருக்கிறீர்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், உரிய கூலியோடு, ஒருவருக்கு இடம் தர இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று பெற்றோருக்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் தனி ஒதுக்கீடு உண்டு. நம் வகுப்பினருக்குரிய சான்றைப் பெற ஓடும் கால்கள், இச்சான்றைப் பெற நாணி நின்றுவிடுகின்றன.

மாணவர்களே, இத்துறையைப் பட்டப் படிப்பாகப் பயிலலாம்; மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் இரண்டைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று எண்ணும் வழக்கத்தைச் சற்று விலக்கி, இதனையும் பாருங்கள். தோலைத் தள்ளிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் காரணம் உணரக்கூடியவர்கள் எங்கள் துறைக்கு மிகுதியாக வேண்டும். கல்லூரிகளின் பெயர்களையும் சேரும் முறையையும் எழுதிக் கழகச் செயலாளரிடம் தந்திருக்கிறேன். உறவினர்க்கு உதவி வேண்டுவோர் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் விடுதியின் முன்னறையில் இருப்பேன். பிறர் அறியாமல் பேச விரும்புவோர் தனியே வரலாம்.